இன்வெர்ட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஃபேனைப் பாருங்கள்!

மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு... எந்த வீட்டுக்கு எது சரி? ஒரு முழுமையான கணக்கு

2012-ம் ஆண்டை மறந்துவிட்ட குடும்பம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சென்னையில் இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில நாள்களில் அதற்கும் மேல் கரன்ட் இருக்காது. பல ஊர்களில் ஒரு மணி நேரம் வரும், அடுத்த ஒரு மணி நேரம் போகும். மாவாட்டுவது, மோட்டார் போடுவது, துணி துவைப்பது, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பது எல்லாமே அந்த அட்டவணைப்படிதான் நடந்தன. அதுவரை கடைகளிலும் வசதி படைத்தவர்கள் வீட்டிலும் இருந்த இன்வெர்ட்டர், நடுத்தரக் குடும்பத்தின் மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

அன்றைய பிரச்னை, தேவைக்கு ஏற்ற மின்சாரம் இல்லாதது. வெளி மாநிலத்தில் உபரியாக இருந்தாலும் அதைப் போதிய அளவு கொண்டுவரத் தடம் இல்லை. பிறகு நிலைமை மாறியது. 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் அணு உலை மின்தொகுப்புக்கு மின்சாரம் தரத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் – சோலாப்பூர் உயர் அழுத்தத் தடம் மூலம் தென்னிந்திய மின்தொகுப்பு தேசிய மின்தொகுப்புடன் இணைந்தது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டபோதும், பழையபடி அட்டவணை போட்டு வெட்டும் நிலை வரவில்லை.

ஆனாலும் கரன்ட் போகிறது. முன்பு போன விதம் வேறு, இப்போது போகும் விதம் வேறு. ஆனால், இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்களில் பலர் இன்னும் 2012-க்காகவே வாங்குகிறார்கள். கடைகளில் கேட்கப்படும் முதல் கேள்வியும் பெரும்பாலும் “எத்தனை ரூம் சார்?” என்பதுதான். “ரெண்டு பெட்ரூம்” என்றதும், 900 வி.ஏ இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச் பேட்டரியும் பில்லில் ஏறிவிடும். சில ஆயிரம் கூடுதலாகச் செலவு செய்யத் தயாராக இருப்பவருக்கு 200 ஏ.ஹெச். அந்த வீட்டில் கரன்ட் எப்போது போகிறது, எவ்வளவு நேரம் போகிறது, அப்போது என்னென்ன ஓட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சரியான தேர்வு தொடங்க வேண்டிய இடமே அந்த மூன்று கேள்விகள்தான்.

உங்கள் வீட்டு மின்வெட்டு எந்த ரகம்?

இன்றைய மின்தடையை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், நிமிடக் கணக்கு. கோடை இரவில் தெருவே ஏ.சி போடும்போது ட்ரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும். மழைக்காற்றில் மரக்கிளை உரசும். புகார் சொல்லி, லைன்மேன் வந்து ஃபியூஸ் போட்டுவிட்டுப் போவதற்குள் அரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். நகரவாசிகளின் பெரும்பாலான மின்தடை இதுதான்.

இரண்டாவது ரகம், மணிக் கணக்கு. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே நாளிதழ்களில் அறிவித்துவிட்டு, காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரையோ மாலை வரையோ நிறுத்துவார்கள். பகல் நேரம் என்பதால் விளக்கு தேவையில்லை. ஃபேனும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் ஆன்லைன் வகுப்பு இருப்பவர்களுக்கும்தான் சிக்கல்.

மூன்றாவது ரகம், நாள் கணக்கு. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூரைத் தாக்கியபோதும், 2016 டிசம்பரில் ‘வர்தா’ சென்னையைப் புரட்டிப்போட்டபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் ‘கஜா’ வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் நடந்தது இதுதான். கஜாவில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தன. இந்த ரகம் எப்போதாவதுதான் வரும். ஆனால் வந்தால், வீட்டில் இருக்கும் எந்த பேட்டரியும் ஒரு நாளுக்கு மேல் தாங்காது.

மின்தடை என்று நாம் நினைப்பது சில நேரம் மின்தடையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில், மூன்றில் ஒரு பேஸ் மட்டும் போயிருக்கும். பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், நம் வீட்டில் ஹாலில் மட்டும் இருட்டாக இருக்கும். இதற்கு இன்வெர்ட்டர் வேண்டாம். மெயின் போர்டில் பேஸ் செலக்டர் சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தினால், உயிரோடு இருக்கும் பேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ஏ.சி, கீஸர் போன்றவற்றைப் போடாமல் இருந்தால் போதும். பெரிய செலவில்லாத இந்த ஏற்பாடு, பல வீடுகளின் பாதிப் பிரச்னையைத் தீர்த்துவிடும்.

ஆக, இரண்டு மாதங்களுக்குக் கரன்ட் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள். உங்களுடையது எந்த ரகம் என்று அதுவே சொல்லிவிடும்.

வாட்ஸ் கணக்கு: ஐந்து நிமிட வேலை

அடுத்தது, கரன்ட் போகும்போது என்னென்ன ஓட வேண்டும் என்ற பட்டியல். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், எல்.இ.டி ட்யூப் லைட் 20, டி.வி 60, இன்டர்நெட் ரவுட்டர் 10, செல்போன் மற்றும் லேப்டாப் சார்ஜர்கள் சேர்த்து 25 என்று எடுத்துக்கொள்வோம். மூன்று ஃபேன், நான்கு ட்யூப் லைட், ஒரு டி.வி, மற்றவை எல்லாம் சேர்த்தால் 400 வாட்ஸ் வருகிறது.

இப்போது பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச் பேட்டரியில் இருப்பது காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி. முழுதாக அது நம் கைக்கு வராது. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். மேலும், 150 ஏ.ஹெச் என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் லெட் ஆசிட் பேட்டரி குறைவாகவே கொடுக்கும். எனவே 1,200 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 1,200-ஐ உங்கள் வாட்ஸால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். 400 வாட்ஸுக்கு மூன்று மணி நேரம்.

“மூணு மணி நேரம்தானா?” என்று கேட்பவருக்குக் கடையில் கிடைக்கும் பதில், பெரிய பேட்டரி. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். மூன்று சாதாரண ஃபேன்களுக்குப் பதிலாக 30 வாட்ஸ் எடுக்கும் பி.எல்.டி.சி ஃபேன்களை மாட்டினால், 225 வாட்ஸ் 90 ஆகக் குறைகிறது. மொத்த லோடு 265. அதே பேட்டரி இப்போது நாலரை மணி நேரம் தாங்கும். இரவில் இரண்டு ஃபேன், ஒரு சின்ன பல்ப், ரவுட்டர் மட்டும் என்றால், சாதாரண ஃபேனுடன் 170 வாட்ஸ், ஏழு மணி நேரம். பி.எல்.டி.சி ஃபேனுடன் 80 வாட்ஸ், 15 மணி நேரம்!

ஃபேன் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் ஆகலாம். அது பேட்டரியைப் போல நான்கைந்து ஆண்டுகளில் செத்துப்போகிற செலவு அல்ல. கரன்ட் இருக்கும் நாள்களிலும் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து எடுத்தால் போதும். பேட்டரியைப் பெரிதாக்கும் முன் லோடைச் சிறிதாக்குவதுதான் புத்திசாலித்தனம்.

இன்வெர்ட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

இன்வெர்ட்டர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. பேட்டரியில் சேமித்த 12 வோல்ட் நேர் மின்சாரத்தை 230 வோல்ட் மாறு மின்சாரமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். அதன் மேல் எழுதியிருக்கும் வி.ஏ எண்ணை அப்படியே வாட்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோராயமாக அதில் 80 சதவிகிதம்தான் வாட்ஸ். 900 வி.ஏ என்றால் சுமார் 720 வாட்ஸ். மேலே சொன்ன 400 வாட்ஸ் வீட்டுக்கு இது தாராளம்.

மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீஸர், ஏ.சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் இந்தப் பட்டியலில் வராது. மோட்டார் உள்ள கருவிகள், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் நொடியில் இழுக்கும். 1 ஹெச்.பி மோட்டாரை 900 வி.ஏ இன்வெர்ட்டரில் போட்டால் ‘ஓவர்லோடு’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஏ.சி ஓட வேண்டும் என்றால் இரண்டு முதல் நான்கு பேட்டரி வைக்கும் பெரிய அமைப்பு தேவை. அதற்கு ஆகும் செலவுக்கு, அந்த ஒரு இரவு நல்ல ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொள்ளலாம்.

வாங்கினால் சைன் வேவ் இன்வெர்ட்டராகவே வாங்குங்கள். மின்வாரியம் தரும் மின்சாரம் போன்ற சீரான அலையை அது தரும். ஸ்கொயர் வேவ் மாடல் விலை குறைவுதான். ஆனால் ஃபேன் ரீங்காரமிடும், மோட்டார் உள்ள கருவிகள் சூடாகும், மருத்துவக் கருவிகளுக்கு ஆகாது.

பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ் மோடு, நார்மல் மோடு என்று இரண்டு நிலை. யு.பி.எஸ் மோடில் கம்ப்யூட்டர் அணையாத அளவுக்கு வேகமாக மாறும். ஆனால் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் உள்ள கிராமத்தில் இந்த மோடில் வைத்தால், கரன்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். “புது பேட்டரி, ஆனா நிக்கவே மாட்டேங்குது” என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

வயரிங் இன்னொரு முக்கிய விஷயம். இன்வெர்ட்டரில் ஓட வேண்டிய ஃபேன், லைட் லைன்களைத் தனியாகப் பிரித்து, அவற்றின் நியூட்ரலையும் தனியாகக் கொண்டுவர வேண்டும். நியூட்ரலைக் கலந்துவிட்டால், ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி அடிக்கடி ட்ரிப் ஆகும். சிலர் அந்தத் தொந்தரவு தாங்காமல் ஆர்.சி.சி.பி-யையே கழற்றச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். சரிசெய்ய வேண்டியது வயரிங்கைத்தான், உயிர்காக்கும் கருவியை அல்ல.

பேட்டரி: உண்மையான செலவு இங்கேதான்

இன்வெர்ட்டர் பத்தாண்டுகள்கூட உழைக்கும். பேட்டரி அப்படியல்ல. எனவே ஆராய்ச்சியில் பாதி நேரத்தையாவது பேட்டரிக்கு ஒதுக்குங்கள்.

1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த லெட் ஆசிட் பேட்டரிதான், இன்றும் நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது. இதில் ஃபிளாட் பிளேட், ட்யூபுலர் என்று இரண்டு ரகம். அடிக்கடி, நீண்ட நேரம் கரன்ட் போகும் வீட்டுக்கு ட்யூபுலர்தான் சரி. மின்வேதிப் பொருளைக் குழாய் போன்ற உறைகள் பிடித்து வைத்திருப்பதால், ஆழமாகத் தீர்ந்து திரும்ப ஏறுவதை அது நன்றாகத் தாங்கும். கார், லாரி பேட்டரியை இன்வெர்ட்டருக்கு வைப்பது வீண் செலவு. இன்ஜினைக் கிளப்ப ஒரு நொடியில் அதிக மின்சாரம் தருவதற்காக மெல்லிய தகடுகளுடன் செய்யப்பட்டது அது. மணிக்கணக்கில் ஓட்டினால் சீக்கிரம் படுத்துவிடும்.

பேட்டரியைக் கொல்பவை மூன்று.

ஒன்று, அரைகுறை சார்ஜ். முழுதாகத் தீர்ந்த 150 ஏ.ஹெச் பேட்டரி நிறைய 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போன 2012-ல், பேட்டரிகள் நிறையவே இல்லை. நிறையாத பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அந்தக் காலத்தில் பல பேட்டரிகள் ஆயுள் முடியும் முன்பே போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு, வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது தொழில்நுட்ப வல்லுநர்களின் பொதுவான கணக்கு. வேலூரிலும் மதுரையிலும் மொட்டை மாடி ஷெட்டில் பேட்டரி வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெயில் படாத, காற்றோட்டமான இடமே சரி. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், பூட்டிய அலமாரியும் பூஜை அறைப் பக்கமும் கூடாது.

மூன்று, தண்ணீர். பேட்டரியில் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். தாதுக்களும் அழுக்கும் உள்ளே போனால் தகடுகள் பாழ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவைக் குச்சியைப் பார்த்து, சிவப்புக்கு இறங்கியிருந்தால் பச்சைக் கோடு வரை ஊற்றினால் போதும்.

இப்போது லித்தியம் பேட்டரியும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒரே பெட்டியில், சுவரில் மாட்டுகிற மாதிரி வருகின்றன. லித்தியம் பேட்டரி உருவாக்கத்துக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது, அந்தக் குட்இனஃபின் ஆய்வுக்குழுவில் 1990-களில் பிறந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகம். செல்போன் பேட்டரி ரகத்தைவிட வெப்பத்தைத் தாங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வாயு வராது, சில மணி நேரத்தில் நிறையும். ட்யூபுலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும் இடத்தில் இது அதில் சிறு பங்கு எடைதான். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம்.

விலைதான் அதிகம். தினமும் கரன்ட் போகும் வீட்டிலும், சோலாரோடு தினமும் பயன்படுத்தும் வீட்டிலும் அந்தக் கூடுதல் விலை திரும்பி வரும். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் போகும் வீட்டுக்கு ட்யூபுலர் போதும். பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்தை அப்படியே மாட்டிவிடவும் கூடாது. அதன் சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று உறுதிசெய்ய வேண்டும். பழைய செல்களைக் கோத்து மலிவாக விற்கும் பெட்டிகளின் பக்கமே போகாதீர்கள்.

ஜெனரேட்டர்: தெருவுக்கு ஒன்று போதும்

நாள் கணக்கில் கரன்ட் போனால் ஜெனரேட்டர்தான் கைகொடுக்கும். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் மக்கள் முதலில் தவித்தது விளக்குக்காக அல்ல, தண்ணீருக்காக. மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. வாடகை ஜெனரேட்டர்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய், வீடு வீடாகத் தொட்டியை நிரப்பினார்கள். செல்போனுக்கு சார்ஜ் போடவும் அங்கேதான் கூட்டம்.

அதில் ஒரு பாடம் இருக்கிறது. நாள் கணக்கு மின்தடையில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஜெனரேட்டர் தேவைப்படுவது ஒன்றிரண்டு மணி நேரமே. தொட்டியை நிரப்ப, ஃபிரிட்ஜைக் குளிர வைக்க, இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்க. எனவே கடலோர மாவட்டங்களில் ஆளுக்கொன்று வாங்குவதைவிட, பத்து வீடுகள் சேர்ந்து 3 கே.வி.ஏ அளவில் ஒன்றை வாங்கி வைப்பது லாபம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க ஓர் ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் கெட்டுவிடும், தேவைப்படும் நாளில் ஜெனரேட்டர் கிளம்பாது.

எரிபொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கும் விடிவில்லை. டீசல் இல்லாததுதான் மின்வெட்டுக்கே ஒரு காரணம், ஜெனரேட்டருக்கும் அதே டீசல்தான் வேண்டும்!

உயிர்ப் பிரச்னை இரண்டு உண்டு. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையிலோ, கார் ஷெட்டிலோ, ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டினால் தூக்கத்திலேயே உயிர் போகும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, அடுத்தவர் உயிர். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து வீட்டு பிளக்கில் சொருகிவிடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய், ட்ரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறினால் 11,000 வோல்ட்டாக மாறும். கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் லைன்மேன் அங்கேயே கருகுவார். மின்வாரிய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல், வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது. அது இல்லாதவர்கள் ஃபிரிட்ஜையோ மோட்டாரையோ நேராக ஜெனரேட்டரிலேயே சொருகி ஓட்டலாம்.

சோலார் இருந்தால் கவலையில்லையா?

‘பிரதம மந்திரி சூர்ய கர்’ திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிறகு, மாடிகளில் பேனல்கள் பெருகியிருக்கின்றன. இரண்டு கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். “சோலார் போட்டாச்சு, இனி கரன்ட் போனா நமக்கென்ன?” என்று நினைத்தவர்கள், முதல் மின்தடையிலேயே திடுக்கிடுகிறார்கள். நல்ல வெயிலில், மாடி நிறையப் பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் ஓடவில்லை.

அது பழுதல்ல, பாதுகாப்பு. மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் அமைப்பு, லைனில் மின்சாரம் நின்றதும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. காரணம், மேலே சொன்ன அதே லைன்மேன்தான். சோலார் மின்சாரம் கரன்ட் போகும்போதும் வேண்டும் என்றால், பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை. சோலார் போடும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். பின்னால் மாற்றினால் இன்வெர்ட்டரை இரண்டாவது முறை வாங்க வேண்டிவரும்.

ஏற்கெனவே வீட்டில் சாதாரண இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. 400 வாட்ஸ் பேனல் ஒன்றையும் ஒரு சோலார் சார்ஜ் கன்ட்ரோலரையும் சேர்த்தால், நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் அளவுக்குக் கிடைக்கும். 150 ஏ.ஹெச் பேட்டரியின் பெரும்பகுதி அதிலேயே நிறையும். புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் கரன்ட் இல்லாத கிராமத்தில், பெட்ரோலுக்கு அலையாமல் தினமும் விளக்கும் ஃபேனும் செல்போனும் கிடைக்கும்.

வீட்டில் நோயாளி இருந்தால்...

இந்த வீடுகளுக்குக் கணக்கு வேறு. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட்ஸ் எடுக்கும். மேலே சொன்ன பேட்டரியில் மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். எனவே இன்வெர்ட்டரை நம்பி மட்டும் இருக்காமல், நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். கருவியின் மின் தேவை என்ன, எந்த வகை இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று அதைத் தந்தவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலைப்படுவார்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். ஃபிரிட்ஜை ஓட்டுவதற்காகவே பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதைவிட, கரன்ட் போனதும் கதவைத் திறக்காமல் இருப்பதே பெரும்பாலான மின்தடைகளுக்குப் போதும்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட்

சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டில், ரீசார்ஜபிள் எல்.இ.டி பல்ப் இரண்டு, சார்ஜ் நிற்கும் டேபிள் ஃபேன் ஒன்று, ரவுட்டருக்கென்றே வரும் கையடக்க மினி யு.பி.எஸ் ஒன்று. இவை எல்லாம் சேர்ந்தாலும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்த விலையில் பாதிகூட ஆகாது. நிமிடக் கணக்கு மின்தடைக்கு இதுவே முழுமையான ஏற்பாடு.

அபார்ட்மென்ட்டில் பொது ஜெனரேட்டர் இருந்தால், ஒரு வீட்டுக்கு எத்தனை வாட்ஸ் தருகிறார்கள் என்று சங்கத்தில் கேளுங்கள். லிஃப்ட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமா, வீட்டுக்குள் ஃபேனும் லைட்டும் உண்டா என்பதைப் பொறுத்து, உங்களுக்கு இன்வெர்ட்டரே தேவைப்படாமல் போகலாம்.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. சைன் வேவ்தானா? உண்மையில் எத்தனை வாட்ஸ் தாங்கும்?

2. பேட்டரியின் ஏ.ஹெச் அளவு, 20 மணி நேரக் கணக்கா, 10 மணி நேரக் கணக்கா? ஒரே 150 என்றாலும் 10 மணி நேரக் கணக்கில் சொல்லப்படும் பேட்டரியே கூடுதல் மின்சாரம் தரும்.

3. ‘60 மாத வாரன்டி’ என்றால், அதில் எத்தனை மாதம் இலவச மாற்று? 36 + 24 என்றால், முதல் 36 மாதம்தான் இலவசம். பிந்தைய 24 மாதம், புதுப் பேட்டரி விலையில் ஒரு பகுதி மட்டுமே கழியும்.

4. பேட்டரி எந்த மாதம் தயாரானது? பல மாதம் கிடங்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்ததை வாங்காதீர்கள்.

5. பொருத்தும் கூலி, வயரிங் செலவு விலையில் சேர்ந்ததா?

6. பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பேட்டரியைக் கடையில்தான் திருப்பித் தர வேண்டும், தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் அல்ல. முறைப்படி மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. அனுமதியில்லாத உலைகளில் உடைத்து உருக்கினால், ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலக்கும். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் கவலை தரும் அளவுக்கு ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப் எச்சரித்தது. அதற்குப் பெரிய காரணமாக அது சுட்டிக்காட்டியது, முறையற்ற பேட்டரி மறுசுழற்சியைத்தான்.

எது சரி? எங்கள் தீர்ப்பு

நிமிடக் கணக்கில் கரன்ட் போகும் வீட்டுக்கு ரீசார்ஜபிள் பல்பும் ரவுட்டர் யு.பி.எஸ்-ஸும் போதும். மணிக் கணக்கில் போகும் வீட்டுக்கு பி.எல்.டி.சி ஃபேன்கள், 900 வி.ஏ சைன் வேவ் இன்வெர்ட்டர், ஒரே ஒரு 150 ஏ.ஹெச் ட்யூபுலர் பேட்டரி. தினமும் போனால், அல்லது சோலார் இருந்தால் லித்தியம். புயல் வரும் கடலோர ஊருக்கு, இவற்றோடு தெருவுக்கு ஒரு ஜெனரேட்டரும், புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவைத்த தண்ணீர்த் தொட்டியும். இதற்கு மேல் வாங்குவது எதுவும் உங்கள் வீட்டு மின்வெட்டுக்காக அல்ல, 2012-ன் பயத்துக்காக.

ஒன்றை மறக்க வேண்டாம். இன்வெர்ட்டரிலிருந்து ஒரு யூனிட் எடுக்க, மின்வாரியத்திடமிருந்து ஏறத்தாழ ஒன்றரை யூனிட் வாங்கிச் சேமிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழப்பு நம் பில்லில்தான் ஏறுகிறது. எனவே அடிக்கடி ஃபியூஸ் போகும் தெருவில், வீட்டுக்கு வீடு பேட்டரி வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987-ல் ஒவ்வொரு முறையும் புகாரைப் பதிவு செய்யுங்கள். தெருக்காரர்கள் சேர்ந்து, கூடுதல் ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனு கொடுங்கள். ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வந்தால் நூறு வீடுகளுக்கு இன்வெர்ட்டரே வேண்டியதில்லை.